பெரணிக்கு நிழல் பார்த்த கதை

எங்கள் ராஜகுளத்தில் யார் வீட்டிலாவது புதுச்செடி வைத்தால், போகிற வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். பூக்குமா? காய்க்குமா? குழம்பில் போடலாமா? மூன்றுக்கும் இல்லை என்று சொன்னால் நாலாவதாக ஒன்று வரும்: ஆடாவது தின்னுமா?

நான் வைத்திருப்பது பெரணி. நர்சரியில் 'பெர்ன்' என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். பூக்காது, காய்க்காது, விதைகூட வைக்காது. ஆட்டு விஷயம் தானாகவே சோதனை ஆகிவிட்டது. கொடியில் காய்ந்த என் வேட்டிக் கரையை ருசி பார்த்த அதே ஆடுகள்தான் தொட்டியை மோந்து பார்த்தன, என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தன, போய்விட்டன.

"அப்பறம் இன்னாத்துக்குப்பா இது?" என்றாள் எதிர்வீட்டு ஆயா.

"அழகுக்கு ஆயா."

"அதான் வூட்டுக்கு அழகா ஒரு பொண்ணக் கட்டிக்கினு வந்தியே, பத்தலியா?"

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. ஐந்து நிமிடத்தில் ஆயாவுக்கு டிகிரி காபி வந்தது. எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து பெரணி விவகாரத்தில் ஆயா எதிர்க்கட்சி.

இந்தப் பித்து எனக்கு ஊட்டியில் பிடித்தது. 1848இல் உருவாகத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் குடும்பத்தோடு நடந்துகொண்டிருந்தோம். மற்றவர்கள் ரோஜாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு மூலையில், மரத்தடி ஈரத்தில், யாரையும் லட்சியம் செய்யாமல் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்த பெரணிக் கூட்டத்தின் முன் நின்றுவிட்டேன். இளந்தளிர் ஒவ்வொன்றும், தொட்டதும் சுருண்டுகொண்ட மரவட்டை மாதிரி சுருண்டிருந்தது. அது நாளாக நாளாகப் பிரிந்து இலையாக விரியும் என்று பூங்கா ஊழியர் சொன்னதும், நம் வீட்டிலும் ஒன்று இப்படிப் பிரிய வேண்டும் என்று தோன்றியது. ஊட்டி 2200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எங்கள் ஊர் இருக்கும் உத்திரமேரூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட எட்டாது. இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

எனக்கு முன்னோர் இருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்து கொஞ்சம் தெம்பு வந்தது. ரிச்சர்ட் ஹென்றி பெடோம் என்று ஒரு வெள்ளைக்காரர், சென்னை ராணுவத்தில் சேர வந்தவர். துப்பாக்கியோடு வந்த மனிதர் காட்டு இலாகாவுக்கு மாறி, 1860 முதல் 1882 வரை சென்னை மாகாணக் காடுகளுக்குத் தலைமை அதிகாரியாக இருந்து, மலை மலையாக ஏறிப் பெரணி பொறுக்கியிருக்கிறார். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றி 1863இல் படங்களோடு நூல் போட்டார். அது போதாமல் இந்தியா, இலங்கை, மலேயா எல்லாவற்றுக்கும் சேர்த்து 1883இல் இன்னொன்று. இங்கிலாந்திலோ அந்தக் காலத்தில் ஊரே பெரணி பிடித்து அலைந்தது. சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் 1855இல் அதற்கு 'பெரணிப் பைத்தியம்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்துவிட்டார். சேகரிக்கிறேன் பேர்வழி என்று வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, சில அபூர்வ வகைகளை அந்நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே நான் தனியன் அல்ல. இதை என் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். "அவங்க வீட்டுலயும் ஒருத்தி கணக்குக் கேட்டிருப்பா" என்றாள்.

கணக்கு என்று வந்ததால் உத்திரமேரூரைச் சொல்லாமல் நகர முடியாது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, குடவோலைத் தேர்தல், 921ஆம் ஆண்டு. வெளியூர்க்காரர்கள் ஜனநாயகத்தைப் பார்க்க வருவார்கள். என் மனைவிக்கு அதில் பிடித்தது வேறு பகுதி. ஊரின் 30 குடும்புகளிலிருந்து, அதாவது வார்டுகளிலிருந்து, ஓலை எடுத்து, 12 பேரைத் தோட்ட வாரியத்துக்குப் போடுவார்களாம். தோட்டத்துக்கென்றே ஒரு குழு! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், தேறுவேன். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், தேறுவேன். வேதம் கேட்பார்கள், அதைச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவனுக்கு மட்டுமல்ல, சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன், மைத்துனன் என்று சுற்றத்தில் ஒரு பட்டியலுக்கே இடமில்லை. பெரணிக்கு நான் செய்த செலவைக் கணக்கில் எடுத்தால் செங்கல்பட்டு வரைக்கும் என் உறவுக்காரன் ஒருவனும் ஓலையில் பெயர் எழுத முடியாது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உங்களை மாதிரி ஆளுங்களைப் பாத்துட்டுதான் எழுதி வெச்சிருக்காங்க" என்பாள்.

செலவில் பாதி செடிக்கல்ல, நிழலுக்கு.

நிழலை விலை கொடுத்து வாங்கும் ஆளை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. பந்தல்காரர் வாடகைக்குக் கொடுப்பார், அது வேறு. பெரணிக்கு வேண்டியது வடிகட்டிய வெளிச்சம். சுத்த இருட்டும் ஆகாது, நேர் வெயிலும் ஆகாது. பச்சை வலையில் 50 சதவீதம், 75 சதவீதம் என்று வகை இருக்கிறது. நான் 75 வாங்கி நான்கு சவுக்குக் கம்பம் நட்டுக் கட்டினேன். கட்டி முடித்த அன்று சாயங்காலம் தெருவில் நாலு பேர் வந்து, "வீட்டுல ஏதாவது விசேஷமா?" என்று விசாரித்தார்கள்.

வலைக்கு முன்பு இலவச நிழல்கள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. முதலில் வேப்பமரம். எங்கள் வாசல் வேம்பின் கீழ் கட்டில் போட்டால் மனிதன் செத்ததுபோல் தூங்குவான். பெரணி உண்மையாகவே செத்தது. வேம்பு நிழலைக் கொடுக்கும், தரையில் சொட்டு ஈரத்தை விடாது. அதன் வேர் ஊற்றும் தண்ணீர் எல்லாவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். அடுத்தது தகரக் கொட்டகை. அங்கே நிழல் தாராளம், ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே அப்பளம் பொரிக்கலாம்.

மூன்றாவது, வடக்குச் சுவர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தது நான் மட்டுமல்ல, நான் படித்த புத்தகமும்தான். சீமைத் தோட்டப் புத்தகம் எதைத் திறந்தாலும் பெரணிக்கு வடக்குச் சுவரோரம் உத்தமம் என்று போட்டிருக்கும். அந்த ஊரில் உச்சிவேளைச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான் சாய்ந்து நிற்பான், அதனால் வடக்குச் சுவருக்குப் பின்னால் நிம்மதி. நாம் இருப்பது பன்னிரண்டரை பாகை அட்சரேகையில். சித்திரை பத்துத் தேதி வாக்கில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடுவான். திரும்ப நம் உச்சிக்கு வருவது ஆவணி பிறக்கிற சமயத்தில்தான். அதாவது கத்திரி வெயில் முழுவதும், அதற்கப்புறம் ஆனியும் ஆடியும், அவன் குடியிருப்பது என் வடக்குச் சுவர்ப் பக்கம். இறவாரமோ தாழ்வாரமோ இல்லாத மொட்டைச் சுவர் வேறு. மற்ற எட்டு மாதமும் இருந்த நிழல், வேண்டிய நாலு மாதம் மட்டும் இல்லை. எங்கள் அம்மாவுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. "சித்திரையில வடாம் அந்தப் பக்கம்தான் காயப் போடுவேன், நல்லா காயும்" என்றாள், தொட்டியில் நின்ற சருகைப் பார்த்தபடி.

சருகை உற்றுப் பார்த்தால் வெயில் பாதி, காற்று பாதி என்று தெரிந்தது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வருகிற வறண்ட காற்று இருக்கிறதே, அது துவைத்துப் போட்ட போர்வையை ஒரு மணி நேரத்தில் விறைக்க வைத்துவிடும். பெரணி இலை மெல்லிசு. வேர் குடிக்கிற வேகத்தைவிட இலை விடுகிற வேகம் அதிகமானால் நுனியிலிருந்து பழுப்பு ஏறும். தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும், ஊற்றாவிட்டால் இலை கருகும். காற்றில் ஈரம் வேண்டும். அதை எங்கே வாங்குவது?

இங்கேதான் வார்டு டாக்டர் வருகிறார். லண்டனில் நதானியேல் வார்டு என்று ஒரு மருத்துவர். வீட்டுப் பின்புறம் பெரணி வளர்க்க ஆசைப்பட்டார்; நிலக்கரிப் புகையில் எல்லாம் போயிற்று. 1829இல் வேறொரு காரியமாக, அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி வைத்திருந்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு சின்னப் பெரணி தானாக முளைத்தது. உள்ளே இருந்த ஈரமே ஆவியாகி, வழிந்து, திரும்ப மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்ததால் கிட்டத்தட்ட நான்கு வருஷம் தண்ணீர் ஊற்றாமலே இருந்ததாம். மூடி துருப்பிடித்து மழைநீர் இறங்கியபின்தான் போனது. அந்தக் கண்ணாடிப் பெட்டி யோசனைதான் பின்னால் கப்பலேறி, சீனாவிலிருந்து தேயிலைச் செடி இமயமலைச் சரிவுகளுக்கு வரக் காரணமாயிற்று. நான் அம்மாவின் ஆவக்காய் ஜாடி ஒன்றை எடுத்துக் கழுவி, அதேபடி செய்து, நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னலில் வைத்தேன். லண்டன் ஜன்னலும் ராஜகுளம் ஜன்னலும் ஒன்றல்ல. வைகாசி மாதம், மூடிய கண்ணாடி. சாயங்காலம் திறந்தபோது கீரை மசியல் பதத்தில் இருந்தது. ஜாடியில் எவ்வளவு கழுவியும் போகாத காரவாசனை வேறு. "உப்பு மட்டும் போடணும்" என்றான் என் மகன்.

தண்ணீரிலும் வில்லங்கம். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு தொட்டி விளிம்பிலும் படியும். மழைத் தண்ணீர் விசேஷம், ஆனால் அது ஐப்பசிக்குத்தான் வரும். அப்போதுதான் மகன், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, காற்றின் ஈரம்தானே குளிர்ந்து விழுகிறது என்று பள்ளியில் படித்ததைச் சொன்னான். நியாயம். குழாய்க்குக் கீழே ஒரு நீல பக்கெட் வைத்தோம். அதுவரை மின்கட்டணத்துக்குப் பயந்து ராத்திரி பத்து மணிக்குமேல் மட்டும் ஓடிய ஏசி, அன்று முதல் மத்தியானமும் ஓட ஆரம்பித்தது. கேட்டால், "பெரணிக்குத் தண்ணி பத்தலைங்க." மாமியார், மைத்துனி, எதிர்வீட்டு ஆயா எல்லோரும் பெரணிமேல் திடீர்க் கருணை கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்து சீரியல் பார்த்தார்கள். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே எகிறும் என்பது தமிழ்நாட்டுக் குடும்பஸ்தன் அறியாததல்ல. தாண்டியது. பெரணிக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு அரை பக்கெட்.

ஆனாலும் அந்தக் கோடையில் ஒரு தொட்டி பிழைத்தது. பாஸ்டன் பெரணி. 1894இல் அமெரிக்காவில், பாஸ்டனுக்கு அனுப்பிய சாதாரணப் பெரணிச் சரக்கில் இது மட்டும் வளைந்து தொங்கிக்கொண்டு கண்ணில் பட, அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. பிழைத்ததோடு நிற்காமல் இலைக்குப் பின்னால் வரிசையாகப் பழுப்புப் பொட்டு வைத்தது. ஆயா திருப்பிப் பார்த்துவிட்டு, "சொறி புடிச்சிகீது. மஞ்சளும் வேப்பெண்ணையும் அரைச்சித் தடவு" என்றாள்.

அது நோயல்ல ஆயா, அதுதான் அதன் வம்சவிருத்தி என்று விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். பொட்டுக்குள் தூசி தூசியாக வித்துத்தூள். ஈரத்தில் விழுந்தால் அதிலிருந்து நேரே பெரணி வராது, சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில் ஒரு பச்சைத் தகடுதான் வரும். ஆண், பெண் இரண்டு உறுப்பும் அந்தத் தகட்டில்தான். ஆண் அணு நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர வேண்டும். நடுவே ஒரு படலம் தண்ணீர் இல்லையென்றால் கல்யாணம் நின்றுவிடும். சேர்ந்தபின்தான் நாம் பார்க்கிற பெரணி பிறக்கும். இந்த முறையை முழுசாகக் கண்டு 1851இல் வெளியிட்டவர் ஹோஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர். பல்கலைக்கழக வாத்தியார் அல்ல, அப்பாவின் இசைப் புத்தகக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த கிட்டப்பார்வைக்காரர். விடியற்காலையில் எழுந்து மைக்ராஸ்கோப்பைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவார். அதற்கு முன்னால் ஐரோப்பாவில், பெரணிக்குக் கண்ணுக்குத் தெரியாத விதை இருக்கிறது, அதை எடுத்து வைத்துக்கொள்கிறவனும் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான் என்று நம்பினார்களாம். மின்வாரிய பில் வந்த நாளில் அந்த விதைக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன்.

ஆயா முழுவதும் கேட்டாள். "பூவே இல்லாம, மொதல்ல ஒண்ணு மொளைச்சி, அதுக்குப் பொறந்துதான் செடியா?" என்று திருத்தமாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு, "இத்தினி கஷ்டப்பட்டு இது பொறந்து ஒரு கொழம்புக்கு ஆவலியே" என்று எழுந்து போனாள்.

மறுநாள் ஒரு கிண்ணத்தில் கூட்டு வந்தது. வயல் வரப்பு ஈரத்திலிருந்து பறித்த ஆரைக்கீரை. ஒரு காம்பில் நாலு இலை, பாசிப்பருப்பு போட்டது. இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்ட பிறகுதான், சாப்பிடுகிறபோது கைபேசியைப் பார்க்கும் கெட்ட பழக்கத்தால், ஆரைக்கீரை பெரணி இனம் என்று தெரிந்தது. நீர்ப் பெரணி. குளம் வற்றினாலும் அதன் வித்துப் பொதி கொட்டை மாதிரி கடினமாகி, காய்ந்த சேற்றில் பல பத்தாண்டுகள் கிடந்து, தண்ணீர் வந்ததும் எழுந்துவிடுமாம். யாரும் அதற்கு வலை கட்டவில்லை, ஏசி போடவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அவர் வந்து, "தம்பி, அந்தப் பச்ச வலை மிச்சம் இருக்குதா?" என்றார். எதற்கு என்று கேட்டேன். தார்ப்பாய் விரித்து, சலித்த மண்ணும் சாணிக் கரைசலும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டு, ஒரு சாண் தண்ணீர் விட்டு அசோலா விட்டிருக்கிறார். நேர் வெயில் பட்டால் சிவந்துபோகிறது, நிழல் வேண்டும். ஒரு பிடி விட்டது சில நாளில் தொட்டி முழுக்க மூடிக்கொண்டது. தினம் கூடையில் வாரி, அலசி, தவிட்டில் கலந்து மாட்டுக்கு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற நீலப்பச்சைப் பாசி ஒன்று அதன் இலைக்குள்ளேயே குடியிருக்கிறது. அதனால் புரதத்துக்குக் குறைவில்லை. மறுபடியும் கைபேசி. அசோலாவும் பெரணிதான்.

ஆக என் தெருவில் நிழல் விரும்பும் பெரணியை வெற்றிகரமாக வளர்ப்பவர் அவர். சாப்பிடுவது மாடு. அடுத்த இடத்தில் ஆயா. என் இடம் பட்டியலில் எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வலையில் பாதியை அறுத்துக் கொடுத்தேன்.

அடுத்த கோடைக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எங்கள் புழக்கடையில் தாத்தா காலத்துச் செங்கல் கட்டுக் கிணறு இருக்கிறது. போர் போட்டபின் யாரும் இறைப்பதில்லை. ராட்டினம் மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டு தொங்கும். ஒரு நாள் எட்டிப் பார்த்தால், உள்ளே பத்தடி ஆழத்தில் சுண்ணாம்புக் காரை பெயர்ந்த சந்திலிருந்து நீள நீளமாக இலை நீட்டிக்கொண்டு ஒரு பெரணி. யாரும் வைத்ததில்லை. பழைய கிணற்றுச் சுவர், கோயில் மதில், மதகு இடுக்கு என்று சுண்ணாம்பு இருக்கிற இடமாகப் பார்த்து வருகிற வகை அது. மண்ணிலிருக்கும் ஆர்செனிக் விஷத்தை இலையில் இழுத்துச் சேர்க்கிறது என்று 2001இல் அமெரிக்காவில் கண்டுபிடித்து அதற்குப் பெரிய கௌரவம் வந்துவிட்டது. விஷத்துக்கே அஞ்சாதது என் போர் தண்ணீருக்கா அஞ்சும்!

நிழல், ஈரக்காற்று, மேல்காற்றுக்கு மறைப்பு, நாள் முழுக்கக் குளிர்ச்சி. நான் நாலாயிரம் ரூபாய்க்கு வலை கட்டித் தேடியதெல்லாம் என் வீட்டுக் கிணற்றுக்குள் இருந்தது. பாஸ்டன் தொட்டியைக் கம்பி உறியில் வைத்து, தாம்புக் கயிற்றில் கட்டி, ராட்டினத்தில் மெதுவாக இறக்கினேன். காலையில் இழுத்துத் தண்ணீர் தெளிப்பது, திரும்ப இறக்குவது.

கத்திரியில் செடி இரண்டு பங்கானது. ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. விடியற்காலையில் ஒருவன் கிணற்றுக்குள் ஏதோ இறக்குகிறான், வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறான் (ராட்டினம் நழுவினால் முணுமுணுக்காமல் என்ன செய்வது?) என்று செய்தி பரவி, யாருக்கோ செய்வினை வைத்திருக்கிறேன் என்று முடிவாகிவிட்டது. கொடுத்த கடனைத் திருப்பாத ஒருவர் தாமாகவே வந்து பாதிப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். என் மனைவி பெரணியைப் பற்றி முதன்முதலாக ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றுதான்.

ஒரே குறை, செடியை யாரும் பார்க்க முடியாது. விருந்தாளி வந்தால் புழக்கடைக்குக் கூட்டிப்போய், கைப்பிடிச் சுவரில் சாய்த்து, பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு காட்ட வேண்டும். "சட்டைப் பையில போன் இருந்தா எடுத்து வெச்சிடுங்க" என்று மனைவி அறிவிப்புக் கொடுப்பாள். மைத்துனர் போன் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

போன ஆவணியில் சம்பந்தி வந்தார். ஊட்டிப்பக்கம் எஸ்டேட்டில் கணக்கராக இருந்தவர், செடி தெரிந்தவர். எனக்கு இருந்த பரபரப்பைச் சொல்லி முடியாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, வெகு நேரம் பார்த்தார். நான் அவர் வேட்டி மடிப்பைப் பிடித்திருந்தேன்.

"பிரமாதம் சம்பந்தி. எங்க ஊர்லகூட இவ்வளவு வாளிப்பா பாத்ததில்ல."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

"அந்தத் தொட்டியில இருக்கிறதச் சொல்லல. அது கெடக்கு. செங்கல் சந்துல நிக்குதே நீட்டா ஒண்ணு, அத எங்க வாங்கினீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"சென்னையில ஒரு இடத்துல" என்றேன். "விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி."